நூல்கண்டு யார் கையில்? மேஸ், லேபிரிந்த், சக்கரவியூகம்

கேள்வி இது: சினிமா, நாவல், வீடியோ கேம் என்று எங்கே பார்த்தாலும் வழி தெரியாமல் சுற்றவைக்கும் புதிர்ப்பாதைகள் வருகின்றன. இவற்றின் புராண வேர் என்ன? மேஸ், லேபிரிந்த் இரண்டும் ஒன்றா? அபிமன்யு மாட்டிக்கொண்ட சக்கரவியூகத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?

மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் முதல் இரண்டைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

கிரேக்கக் கதையிலிருந்து தொடங்குவோம். கிரீட் தீவின் அரசன் மினோஸ். கடல் தெய்வமான பொசைடன் பலியிடுவதற்கென்று அவனுக்கு ஒரு வெள்ளைக் காளையை அனுப்புகிறது. காளை அழகாக இருக்கிறது. மினோஸ் அதைத் தன் மந்தையில் சேர்த்துக்கொண்டு வேறொரு மாட்டைப் பலியிட்டுவிடுகிறான். தெய்வத்தின் கோபம் அரசி பாசிஃபேயின் மேல் இறங்குகிறது. அவளுக்கு அந்தக் காளையின் மேல் மோகம் வருகிறது. அரண்மனைக் கைவினைஞன் டெடலஸ் செய்துகொடுத்த மரப்பசுவுக்குள் ஒளிந்து அவள் காளையைச் சேர, காளைத் தலையும் மனித உடலுமாக மினோட்டார் பிறக்கிறது. கொல்ல மனமில்லை, வெளியே காட்டவும் முடியாது. அதை அடைத்துவைக்க ஒரு கட்டடம் வேண்டும் என்றதும் அதே டெடலஸ் கட்டியதுதான் லேபிரிந்த். கட்டியவனே வாசலுக்குத் திரும்பி வரத் திணறினான் என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதுகிறார். வளைந்து வளைந்து, தன்னையே எதிர்கொள்வதுபோல் ஓடும் மேயாண்டர் ஆற்றை அதற்கு உவமை சொல்கிறார். அந்த ஆறு இன்றைய துருக்கியில் ஓடுகிறது.

மினோஸின் மகன் ஏதென்ஸில் இறந்துபோனதற்கு ஈடாக, அந்த நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு இளம்பெண்களையும் மினோட்டாருக்கு இரையாக அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு முறை அந்தக் கூட்டத்தில் தீசியஸ் என்ற இளவரசன் வருகிறான். மினோஸின் மகள் அரியாட்னி அவன்மேல் காதல் கொண்டு, டெடலஸிடம் யோசனை கேட்டு, அவன் கையில் ஒரு நூல்கண்டைக் கொடுக்கிறாள். வாசலில் ஒரு முனையைக் கட்டிவிட்டுப் பிரித்துக்கொண்டே போனால், அதையே பிடித்துத் திரும்பிவிடலாம். துப்பு என்ற பொருளில் எல்லோரும் சொல்லும் 'க்ளூ' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் நூல்கண்டுதான். துப்பறியும் கதைகள் அத்தனையும் அரியாட்னியின் நூலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மினோட்டாரைக் கொல்ல நூல் உதவவே இல்லை. அது தீசியஸின் கைவலிமை. அந்த மிருகத்தைக் கண்டுபிடிக்கவும் நூல் உதவவில்லை. அது திரும்பி வருவதற்கு மட்டுமே. உள்ளே போவதில் எந்தச் சிக்கலும் இல்லை, வெளியே வருவதில்தான் எல்லாச் சிக்கலும். இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் படங்களும் விளையாட்டுகளும் வேறு மாதிரி தெரியும்.

சரி, இப்போது மேஸா லேபிரிந்தா என்ற கேள்வி. இன்றைய ஆய்வாளர்கள் பொதுவாக இப்படிப் பிரிக்கிறார்கள்: மேஸ் என்றால் கிளைகள் உண்டு, முட்டுச்சந்துகள் உண்டு, தவறான முடிவு எடுக்க வாய்ப்பு உண்டு. லேபிரிந்த் என்றால் ஒரே பாதை. எவ்வளவு சுற்றினாலும் நடுவுக்குப் போய்ச் சேர்ந்தே தீரும். பிரான்சில் ஷார்த்ர் தேவாலயத்தின் தரையில் 13ஆம் நூற்றாண்டில் பதிக்கப்பட்ட 11 சுற்று வடிவம் லேபிரிந்த். இங்கிலாந்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் புதர்வேலித் தோட்டம் மேஸ். பேச்சு வழக்கில் யாரும் இதைப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆனால் இந்தப் பிரிவினை ஒரு பழைய முரணை வெளியே கொண்டுவருகிறது. கதையில் வருவது தெளிவாக மேஸ்தான், வழி தவறக்கூடிய இடம். பழங்காலத்து நாணயங்களைப் பாருங்கள். கிரீட்டின் நாசஸ் நகரம் வெளியிட்ட நாணயங்களில் இருக்கும் வடிவம் ஏழு சுற்று, ஒரே பாதை. அதில் தொலைந்துபோகவே முடியாது, நூல்கண்டுக்கு அங்கே வேலை இல்லை! இன்னும் பழையது, கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகை, சுமார் கி.மு. 1200. ஒரு பக்கம் ஆடுகளின் கணக்கு, மறுபக்கம் கணக்கர் கிறுக்கிவைத்த அதே ஏழு சுற்று வடிவம். அரண்மனை தீப்பிடித்து எரிந்தபோது பலகை சுட்டுப்போனதால் நமக்குக் கிடைத்தது. கிளை பிரியும் மேஸ்களின் வரைபடங்கள் ஐரோப்பாவில் தலைகாட்டுவதோ 15ஆம் நூற்றாண்டில்தான். கதை ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டியபடி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது.

ஏன் இப்படி? என் ஊகம் நடனத்தின் பக்கம் சாய்கிறது. நாசஸில் அரியாட்னிக்காக டெடலஸ் ஒரு ஆடுகளம் அமைத்தான் என்று ஹோமரின் இலியட் காவியத்தின் 18ஆம் பாகம் சொல்கிறது. லேபிரிந்த் என்ற பேச்சே அங்கே இல்லை. தீசியஸ் திரும்பும் வழியில் டீலோஸ் தீவில் இறங்கி, லேபிரிந்தின் வளைவுகளைப் போல வளைந்து நெளியும் ஒரு நடனத்தைத் தோழர்களுடன் ஆடினான், அதற்குக் கொக்கு நடனம் என்று பெயர் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். ஆடுகளத்தில் கால் வைக்க வேண்டிய கோடு முதலில் இருந்து, அதைச் சுற்றிக் கட்டடமும் மிருகமும் பிறகு எழுந்திருக்கலாம். நாசஸில் கிடைத்த லீனியர் பி என்ற மிகப் பழைய கிரேக்க எழுத்துமுறைப் பலகை ஒன்றில் 'லேபிரிந்தின் தலைவி'க்கு ஒரு ஜாடி தேன் காணிக்கை எழுதப்பட்டிருக்கிறது. எல்லாத் தெய்வங்களுக்கும் சேர்த்தும் ஒரு ஜாடிதான். அந்தத் தலைவி யாராக இருந்தாலும் சாதாரண ஆள் இல்லை.

1900இல் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் நாசஸைத் தோண்டி, நூற்றுக்கணக்கான அறைகள் பின்னிக்கிடந்த அரண்மனையை வெளியே எடுத்தபோது, இதுதான் லேபிரிந்த் என்று உலகமே நம்பியது. சுவரில் காளைமேல் தாவும் வீரர்களின் ஓவியம், கல்லில் இரட்டைக் கோடரிச் சின்னங்கள். 'லாப்ரிஸ்' என்றால் இரட்டைக் கோடரி, அதிலிருந்து லேபிரிந்த் வந்தது என்ற விளக்கம் அப்போதே பிரபலமானது. இன்று மொழியியலாளர்கள் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. எகிப்திலும் ஒரு லேபிரிந்த் இருந்தது. மேலே 1500, கீழே 1500 அறைகள், பிரமிடுகளையே மிஞ்சியது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடட்டஸ் வியக்கிறார். ஹவாராவில் இருந்த அந்தக் கட்டடம் பிற்காலத்தில் கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டது. நம் கேள்விக்கு அதனால் பெரிய உதவி இல்லை.

இப்போது சக்கரவியூகம். குருட்சேத்திரப் போரின் 13ஆம் நாள். துரோணர் வியூகம் வகுக்கிறார். அதை உடைக்கத் தெரிந்த அர்ஜுனனை, வெல்வோம் அல்லது சாவோம் என்று சபதம் எடுத்த சம்சப்தகர்கள் வேறு பக்கம் இழுத்துப் போய்விட்டார்கள். தருமர் அபிமன்யுவைக் கேட்கிறார். அவன் ஒளிக்காமல் சொல்கிறான்: உடைத்து உள்ளே போக அப்பா கற்றுக்கொடுத்திருக்கிறார், ஆபத்து வந்தால் வெளியே வரத் தெரியாது. (சுபத்திரை வயிற்றில் இருந்தபோது பாதி கேட்டான், அம்மா தூங்கிவிட்டாள் என்பது பின்னால் சேர்ந்த அழகான கதை. வியாசரின் துரோண பர்வத்தில் இந்த இடத்தில் அது கிடையாது.) அதற்குத் தருமரும் பீமனும் சொல்லும் பதில்தான் முக்கியம்: நீ வழியைத் திற, உன் பின்னாலேயே நாங்கள் வந்துவிடுகிறோம்.

அபிமன்யுவுக்கும் ஒரு நூல் இருந்தது என்று நான் சொல்வது இதைத்தான். பெரியப்பாக்களும் சித்தப்பாக்களும் அவன் பின்னால் வருவதே அந்த நூல். கௌரவர் பக்கத்து ஜயத்ரதன் செய்தது ஒரே ஒரு காரியம், அதை வாசலிலேயே அறுத்தான். அர்ஜுனன் தவிர மற்ற நால்வரையும் ஒரு நாள் தடுத்து நிறுத்தும் வரம் சிவனிடம் வாங்கியிருந்தான். திறந்த வாய் மூடிக்கொண்டது. வில் போய், தேர் போய், வாள் போய், தேர்ச்சக்கரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்தப் பையன் நிற்கிறான். சக்கர வடிவான படைக்கு நடுவில், கையில் ஒரு சக்கரத்தோடு. இதைவிடக் கூர்மையான படிமம் தீசியஸ் கதையில் இல்லை என்பது என் கட்சி.

ஆனால் சக்கரவியூகம் கட்டடம் இல்லையே? ஆமாம், அது நகரும் படை. சுவர்கள் எல்லாம் மனிதர்கள். ஆனாலும் பிற்காலத்தில் அதைக் கல்லிலும் தாளிலும் காட்ட நினைத்தவர்கள் லேபிரிந்த் வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயிலின் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில் அபிமன்யு நுழைவது அப்படி ஒரு வளைவுப் பின்னலுக்குள். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்குச் சக்கரவியூகப் படத்தைக் காட்டும் வழக்கம்கூட இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. வெளியே வரும் வழி என்ற எண்ணமும் கருவிலே கேட்ட கதையும் அங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன போலிருக்கிறது. சுமார் 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அறிஞர் அல்பிரூனி, இராவணனின் இலங்கைக் கோட்டை என்று ஒரு லேபிரிந்த் படத்தையே வரைந்து வைத்திருக்கிறார். வடிவம் நாடு விட்டு நாடு பயணப்பட்டிருக்கும் என்று நம்புவது எளிது. கதைகளுக்கு அந்தப் பயணம் தேவைப்பட்டிருக்காது. போய் மாட்டிக்கொள்ளும் பயம் எல்லா ஊரிலும் சொந்தமாகவே பிறக்கும். ஆக, மூன்றாவது கேள்விக்கு என் பதில்: தாராளமாகச் சேர்க்கலாம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஒவ்வொரு படைப்பிலும் இரண்டே கேள்விகள் கேட்டுப் பாருங்கள்: நூல் எது? அது யார் கையில்?

1986இல் ஜிம் ஹென்சன் இயக்கிய லேபிரிந்த் படத்தில், தம்பியை மீட்கப் போகும் சேரா, வழி மறக்காமல் இருக்கத் தரைக்கற்களில் உதட்டுச்சாயத்தால் அம்புக்குறி போடுகிறாள். அவள் நகர்ந்ததும் குட்டிப் பிராணிகள் கீழிருந்து அந்தக் கல்லையே திருப்பிவைத்துவிடுகின்றன. சிறுவர் படம்தான், ஆனால் இடமே நூலுக்கு எதிராகச் சதி செய்வதை இவ்வளவு சிக்கனமாக வேறு யாரும் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

தி ஷைனிங்கில் நடப்பது நேர்மாறு. ஸ்டீபன் கிங்கின் 1977 நாவலில் மேஸ் இல்லை, விலங்கு வடிவில் கத்தரித்த புதர்கள் உயிர்பெற்று நகரும். ஸ்டான்லி குப்ரிக் 1980 படத்தில் அவற்றை எடுத்துவிட்டுப் புதர்வேலி மேஸை வைத்தார். பனியில் பதிந்த காலடித் தடம்தான் இங்கே நூல். அது சிறுவன் டேனியைத் துரத்தும் அப்பாவுக்கு வழிகாட்டுகிறது. பையன் தன் தடத்தின் மேலேயே பின்னோக்கிக் கால் வைத்து நடந்து, சட்டென்று பக்கத்தில் தாவி ஒளிந்து, நூலை அறுத்துவிடுகிறான். பிறகு அதே தடங்களைப் பிடித்து வெளியேறுகிறான். கோடரியோடு துரத்திய அப்பா உள்ளேயே உறைந்துபோகிறார். லாப்ரிஸ் விளக்கத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கோடரி சிரிப்பை வரவழைக்கும். குப்ரிக் அதை நினைத்துத்தான் வைத்தார் என்று நான் சொல்லவில்லை.

பான்'ஸ் லேபிரிந்த் (2006) பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கிய்யெர்மோ டெல் தோரோவின் கதை 1944 ஸ்பெயினில் நடக்கிறது. கல்லால் ஆன பழைய லேபிரிந்த், நடுவில் கிணறு. காளைத் தலை கொண்ட மிருகம் இல்லை, ராணுவச் சீருடையில் ஒரு கேப்டன் இருக்கிறார். சிறுமி ஒஃபேலியாவுக்குச் சுவர்கள் வழிவிடுகின்றன, கேப்டனுக்கு விடுவதில்லை. ஆனாலும் அவர் நடுவுக்கு வந்து அவளைச் சுட்டுவிட்டு, கைக்குழந்தையோடு வெளியே நடந்துவருகிறார். வாசலில் போராளிகள் காத்திருக்கிறார்கள். வெளியே வரத் தெரிந்தும் பிழைக்காதவர் ஒருவர், வராமலேயே வேறு உலகத்துக்குப் போய்விட்டதாக நாம் நம்ப விரும்பும் குழந்தை ஒன்று. கிரேக்கக் கதையை இப்படிப் புரட்டிப்போட்டதுதான் இந்தப் படத்தின் பலம்.

இன்செப்ஷன் (2010) படத்தில் கனவுக்குள் மேஸ் வரைந்து தரும் மாணவிக்குப் பெயரே அரியாட்னி. இரண்டு நிமிடத்தில் வரைய வேண்டும், தீர்க்க ஒரு நிமிடம் ஆக வேண்டும் என்பது அவளுக்கு வைக்கும் சோதனை. சதுரமாக வரைந்தவை தோற்றுப்போக, வட்டமாக ஒன்று போட்டதும் தேர்வாகிறாள். வேலை டெடலஸுடையது, பெயர் அரியாட்னியுடையது. இரண்டும் பொருந்தவே செய்கின்றன, ஏனென்றால் கதாநாயகனின் குற்ற உணர்ச்சிக்குள் இறங்கி அவனை வெளியே வரச் சொல்பவளும் அவள்தான்.

அப்புறம் இரை கொடுக்கும் பக்கம். தி ஹங்கர் கேம்ஸ் (2008) நாவலில் ஒவ்வொரு மாவட்டமும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் சாவு விளையாட்டுக்கு அனுப்ப வேண்டும். இதன் வேர் தீசியஸ் கதை என்று எழுத்தாளர் சூசன் காலின்ஸே சொல்லியிருக்கிறார். தி மேஸ் ரன்னரில் (நாவல் 2009, படம் 2014) பையன்கள் நாள்தோறும் ஓடி ஓடி வரைபடம் எடுக்கிறார்கள், சுவர்களோ இரவில் இடம் மாறுகின்றன. இரண்டிலும் உண்மையான வில்லன் உள்ளே இருக்கும் மிருகம் இல்லை, அந்த இடத்தைக் கட்டி வேடிக்கை பார்ப்பவர்கள். பழைய கதையில் லேபிரிந்தைக் கட்டியதற்காக டெடலஸ் மேல் யாரும் அவ்வளவாகக் கோபப்படவில்லை. நம் காலம் மினோட்டாரை மன்னித்துவிட்டு மினோஸையும் டெடலஸையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறது.

அந்த மன்னிப்பு திடீரென்று வரவில்லை. 1885இல் ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் தீட்டிய ஓவியத்தில் மினோட்டார் ஒரு மதில் ஓரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதன் கைக்குக் கீழே ஒரு சின்னப் பறவை நசுங்கிக் கிடக்கிறது. அந்த ஓவியத்திலிருந்து பிறந்ததுதான் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் 'ஆஸ்டீரியனின் வீடு' என்ற சிறுகதை. மினோட்டாரே பேசும் கதை. தனிமையில் விளையாடிக்கொண்டு, தன்னை விடுவிக்க யாரோ வருவார் என்று காத்திருக்கும் ஒரு இளவரசன். இரண்டு மூன்று பக்கம்தான். இந்த விஷயத்தில் ஒன்றே ஒன்று படிக்க வேண்டும் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான்.

விளையாட்டுகளில் பேக்-மேன் (1980) விசித்திரமானது. அங்கே வெளியேறும் வழியே கிடையாது. இடப்பக்கச் சுரங்கத்தில் போனால் வலப்பக்கம் வந்து சேர்வீர்கள். புள்ளிகளை எல்லாம் தின்று முடித்தால் பரிசு, அதே மேஸ் மறுபடியும். பெரிய புள்ளியைத் தின்றால் துரத்திய பேய்கள் சில நொடிகள் நம்மிடமிருந்து ஓடும், மினோட்டார்கள் தீசியஸிடமிருந்து ஓடுவதுபோல, அவ்வளவுதான். 256ஆம் கட்டத்தில் நிலை எண்ணும் கணக்கு நிரம்பி வழிந்து, திரையின் வலப்பாதி எழுத்தும் குப்பையுமாகச் சிதறுகிறது. அந்த மேஸை முடித்துவைப்பது ஒரு நிரல் பிழை.

அதற்கும் முன்னால், 1970களின் நடுவில் வில் கிரவுதர் எழுதிய, எழுத்து மட்டுமே உள்ள குகை விளையாட்டில் ஒரு பகுதி வரும். எல்லா அறைகளுக்கும் ஒரே வருணனை. எங்கே இருக்கிறோம் என்று தெரியவே தெரியாது. தீர்வு என்ன தெரியுமா? கையில் இருக்கும் பொருள்களை அறைக்கு ஒன்றாகப் போட்டு அடையாளம் வைப்பது. கிரவுதர் நிஜக் குகைகளில் இறங்கி வரைபடம் எடுத்தவர், அதனால் அந்தக் குழப்பத்தில் ஒரு அனுபவ வாசனை இருக்கும்.

ஆய்வகங்களும் இதே கதையைத்தான் விளையாடின. எலிகளை மேஸில் ஓடவிட்ட முதல் சோதனைகளில் ஒன்றுக்கு, 1900 வாக்கில், உளவியலாளர் வில்லார்ட் ஸ்மால் எடுத்துக்கொண்ட மாதிரி ஹாம்ப்டன் கோர்ட் தோட்டம். 1950இல் கணிதவியலாளர் கிளாட் ஷானன் செய்த இயந்திர எலிக்குப் பெயர் தீசியஸ். முதல் தடவை முட்டி மோதி வழி கண்டுபிடிக்கும், இரண்டாம் தடவை நேரே போகும். உண்மையில் எலிக்குள் ஒன்றும் இல்லை, ஒரு காந்தம்தான். நினைவு முழுக்கத் தளத்துக்கு அடியில் இருந்த தொலைபேசி ரிலே சுவிட்சுகளில் இருந்தது. ஷானன் அந்த எலிக்குத் தீசியஸ் என்று பெயர் வைத்ததில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு, வேலை செய்தது அரியாட்னி.

டெடலஸ் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். நூல் யோசனை சொன்னவன் அவன்தான் என்று தெரிந்ததும், மினோஸ் அவனையும் மகன் இக்காரஸையும் அதே லேபிரிந்தில் அடைத்ததாக ஒரு பழைய தொகுப்பு சொல்கிறது. இறக்கை கட்டி மேலே பறந்து தப்பினான், இக்காரஸ் சூரியனுக்கு அருகே போய் விழுந்தான். சிசிலியில் ஒளிந்திருந்தவனைப் பிடிக்க மினோஸ் ஊர் ஊராக ஒரு சுருள் சங்கைக் கொண்டுபோய், இதற்குள் நூல் கோர்த்துத் தருபவருக்குப் பரிசு என்றான். டெடலஸால் கை சும்மா இருக்க முடியவில்லை. எறும்பின் உடம்பில் நூலைக் கட்டிச் சங்கின் ஓட்டை வழியே விட்டான். கோர்த்த சங்கைக் கண்டதும் ஆள் யாரென்று மினோஸுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியாக, அந்த ஏழு சுற்றை நீங்களே வரைந்து பாருங்கள். ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதன் நான்கு மூலைகளிலும் நடுவைப் பார்த்தபடி ஒரு ட வடிவ மடிப்பு. ஒவ்வொரு மடிப்புக்கும் வெளியே, ஒரு சதுரத்தின் மூலைகளாக, நான்கு புள்ளிகள். இப்போது கூட்டல் குறியின் உச்சியிலிருந்து அதற்கு வலப்பக்கம் உள்ள முதல் முனைக்கு ஒரு வளைவு. அதற்கு அடுத்தபடி, இடப்பக்கம் மிச்சம் இருக்கும் முதல் முனையிலிருந்து வலப்பக்கம் மிச்சம் இருக்கும் முதல் முனைக்கு, முந்தைய வளைவைச் சுற்றியபடி இன்னொன்று. இப்படியே எட்டு வளைவுகள் போட்டால் முடிந்தது. பைலோஸ் கணக்கர் கிறுக்கியது இதே பின்னலைத்தான், அவர் சதுரமாகப் போட்டிருந்தார். வெளிச்சுற்றை ஒன்று என்று எண்ணிக்கொண்டு வாசலிலிருந்து விரலை ஓட்டுங்கள். முதலில் 3ஆம் சுற்று, பிறகு 2, 1, பிறகு 4, 7, 6, 5, அதன் பிறகே நடு. 7ஆம் சுற்றில் விரல் நடுவை ஒட்டி ஓடும், வந்துவிட்டோம் என்று தோன்றும். அங்கிருந்துதான் பாதை உங்களை மறுபடி வெளிப்பக்கம் தள்ளும்.